ஐஸ் பக்டறி கரண்ட் பில்: ஒரு தொன்னுக்கு 95 யூனிட், எங்கை போகுது?

ஐஸ்கட்டி (திங்கள், இரவு 9.40)

வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணத்தில கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஐஸ் பக்டறியைப் பாக்கிறன், பேர் இடம் ஒண்டும் வேண்டாம், முதலாளி உதெல்லாம் வாசிக்கிற ஆள். நாளைக்குச் சராசரி பத்துத் தொன் பார் ஐஸ் போடுறம், ரெண்டு அமோனியா கொம்பிறசர், ஐஸ் அச்சுகளை அமத்தி உறைய வைக்கிற ஒரு உப்புத்தண்ணித் தாங்கி, கூரைக்கு மேல அமோனியாவின்ர சூட்டைத் தண்ணி தெளிச்சு வெளியேத்துற கொண்டென்சர், எல்லாம் பழசு. 2022 ஆகஸ்டில கரண்ட் கட்டணத்தைச் சராசரி 75 வீதம் கூட்டினவை, அந்தக் காயம் ஆற முதல் 2023 பெப்ரவரியில இன்னொரு 66 வீதம், பிறகு குறைச்சதும் கூட்டினதுமா ஆடுது, ஆனால் எங்கட பில் அந்த ஏத்தத்தில இருந்து இறங்கி வந்த மாதிரித் தெரியேல்லை. போன மாதம் நானே இருந்து கணக்குப் பாத்தன், ஒரு தொன் ஐஸுக்கு 95 யூனிட் போகுது. இது கூடவோ குறையவோ எண்டே எனக்குத் தெரியாது.

முதலாளி புதுக் கொம்பிறசர் வாங்குவம் எண்டுறார், கொழும்பில இருந்து ஒரு ஆள் வந்து சோலர் போடச் சொல்லிப்போட்டுப் போறார். ரெண்டுக்கும் பாங்கில கடன் எடுக்கவேணும். அதுக்கு முதல் காசு இல்லாமலோ குறைஞ்ச காசிலயோ செய்யக்கூடியது ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, பிழையாச் சொன்னாலும் பறுவாயில்லை.

சூரியகாந்தி (திங்கள், இரவு 10.05)

அண்ணை யோசிக்க ஒண்டும் இல்லை, யாழ்ப்பாணத்தில அடிக்கிற வெயிலுக்கு சோலர் போடாதவன்தான் முட்டாள். 40 கிலோவாற் போட்டால் நாளைக்கு 160 யூனிட் வரும். கூரை இருக்கு தானே, இன்பொக்ஸ் வாங்கோ.

மீற்றர்வாசி (திங்கள், இரவு 10.31)

சோலரைப் பிறகு பாப்பம், அவர் விக்கிற ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும் 😀

தம்பி, பில்லை எடுத்து முன்னுக்கு வையுங்கோ. உங்கட அளவுக்கு ஐ-2 எண்ட தொழிற்சாலைக் கட்டணமாத்தான் இருக்கும், அப்பிடியெண்டால் பில்லில மூண்டு நேரத்து யூனிட் தனித்தனியா இருக்கும்: பகல் காலமை 5.30 இல இருந்து பின்னேரம் 6.30 மட்டும், உச்ச நேரம் 6.30 இல இருந்து இரவு 10.30 மட்டும், மற்றது 10.30 இல இருந்து விடிய 5.30 மட்டும். உச்ச நேரத்து யூனிட்தான் ஆளை விழுத்துறது. அதோட கேவிஏ எண்டு ஒரு வரி இருக்கும், அந்த மாதத்தில ஆகக்கூட எவ்வளவு இழுத்தனீங்கள் எண்டதுக்குத் தனிக் காசு. கனபேர் மொத்தத்தை மட்டும் பாத்துத் தலையில கைவைக்கிறவை, உள்ளுக்கு வாசிக்கிறேல்லை.

உச்ச நேரத்து யூனிட் எவ்வளவு, கேவிஏ எவ்வளவு, ரெண்டு கொம்பிறசரும் ஓடேக்க கிலோவாற் எவ்வளவு, மூண்டையும் போடுங்கோ.

ஐஸ்கட்டி (செவ்வாய், காலமை 6.15)

உச்ச நேரத்தில நாளைக்கு 240 யூனிட் மட்டில. கேவிஏ 85. எல்லாம் ஓடேக்க 66 கிலோவாற் காட்டுது.

கேவிஏ எங்களுக்குக் கூடத்தான் வரும், ஏனெண்டால் கொம்பிறசர் ஸ்ராட் பண்ணேக்க ஒரு இழுவை இழுக்கும், லைட்டே மங்கும். அதுக்கு ஒண்டும் செய்யேலாது எண்டு எலக்ரீசியன் சொன்னவர்.

மீற்றர்வாசி (செவ்வாய், காலமை 7.02)

உது பிழையான கதை, ஊர் முழுக்க உலாவுது. ஸ்ராட் இழுவை சில செக்கன்தான், மீற்றர் 15 நிமிசத்துச் சராசரியை எடுக்கிறது, அந்த இழுவை அதுக்குள்ள கரைஞ்சு போகும். உங்கட 85க்குக் காரணம் வேற. 66ஐ 85 ஆல பிரிச்சுப் பாருங்கோ, 0.78 வருகுது. அதுதான் பவர் பக்ரர், இழுக்கிற கேவிஏயில எவ்வளவு உண்மையா வேலைக்குப் போகுது எண்ட கணக்கு. அதைத் தூக்கிப் பிடிக்கிற கப்பாசிற்றர் பெட்டி ஒண்டு இருக்கும் சுவரில, திறந்து பாருங்கோ, பாதி செத்திருக்கும். அதைத் திருத்தி 0.95க்குக் கொண்டுவந்தால் அதே 66 கிலோவாற்றுக்கு 70 கேவிஏ கூட வராது. ஆனால் ஒண்டு, இதால யூனிட் குறையுமெண்டு நினைக்கவேண்டாம், கேவிஏ காசு மட்டும்தான் குறையும். "கப்பாசிற்றர் போட்டால் யூனிட் பாதியாகும்" எண்டு பெட்டி விக்கிறவையும் திரியினம், கவனம்.

பாலைவனத்துப் பெடியன் (செவ்வாய், பின்னேரம் 4.48)

நான் இருக்கிறது வளைகுடாவில ஒரு சீமெந்து ஆலையில, ஐஸ் எனக்குத் தெரியாது, ஆனால் சூடும் குளிரும் ஒரே கணக்குத்தானே, போட்டுப் பாத்தன்.

30 பாகைக் கிணத்துத் தண்ணி ஒரு கிலோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 126 கிலோயூல். அதை உறைய வைக்க 334. உறைஞ்ச கட்டியை மைனஸ் 8க்கு இறக்க இன்னொரு 17. கூட்டினால் 477. ஒரு தொன்னுக்கு அது 132 யூனிட் குளிர். ஆனால் கொம்பிறசர் ஒரு யூனிட் கரண்டுக்கு மூண்டு யூனிட் குளிர் தரும், சும்மா சூட்டை ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போடுறதுதானே அதின்ர வேலை. அப்ப 44. பம்ப், ஃபான், உப்புத்தண்ணி கலக்கிற மோட்டர், தாங்கியால உள்ளுக்கு வாற சூடு எல்லாம் சேத்து 60, 65க்குள்ள முடியவேணும். நீங்கள் 95. தொன்னுக்கு முப்பது யூனிட் எங்கையோ ஒழுகுது. பத்துத் தொன்னுக்கு நாளைக்கு 300. சூரியகாந்தியின்ர சோலர் குடுக்கிறதை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

புதுக் கொம்பிறசர் வாங்கினாலும் அந்த ஒழுக்கு அப்பிடியேதான் இருக்கும் கண்டியளோ, புது மெசினும் அதே ஓட்டைக்குத்தான் உழைக்கும்.

காங்கேசன்துறைப் பென்சன் (செவ்வாய், இரவு 8.20)

சீமெந்து எண்ட சொல்லைக் கண்டோண்ண கை சும்மா இருக்கேல்லை. நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில இருந்தனான், 1990இல எல்லாம் நிண்டது. இப்ப வயது போட்டுது, மருமகன்தான் ரைப் பண்ணித் தாறார். சுண்ணாம்புக்கல் எங்கட காலடியிலயே கிடந்தது, களிமண் மட்டும் மன்னார்ப் பக்கம் முருங்கனில இருந்து ரெயிலில வரும். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல வீட்டைக் கட்டிக்கொண்டு சுண்ணாம்புத் தண்ணியையே குடிக்கிற சனம் நாங்கள்.

அதைத்தான் சொல்ல வந்தனான் தம்பி. நீங்கள் கொம்பிறசரைப் பாக்கிறியள், நான் உங்கட தண்ணியைப் பாக்கிறன். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியைக் கேத்திலில ஆறு மாதம் கொதிக்க வைச்சால் அடியில என்ன பிடிக்கும்? அதேதான் உங்கட கூரையில கொண்டென்சர் பைப்பில பிடிச்சிருக்கும். ஏறிப் பாத்தனீங்களோ?

ஐஸ்கட்டி (செவ்வாய், இரவு 9.11)

ஐயா, ஏறுறதே இல்லை எண்டதுதான் உண்மை. தண்ணி விழுற சத்தம் கேக்கும், அப்ப வேலை செய்யுது எண்டு விட்டிடுவம். நாளைக்கு ஏறுறன்.

உமிக்காரன் (செவ்வாய், இரவு 9.56)

ஐயா சொல்லுறது சத்தியமான கதை, எங்களுக்கு இது பொயிலரில நடந்தது. கிளிநொச்சிப் பக்கம் அரிசி ஆலை, நெல் அவிக்கிற பொயிலர், உமிதான் எரிக்கிறம். உமி சும்மா கிடைக்குதுதானே எண்டு ஒருத்தரும் கணக்குப் பாக்கிறேல்லை. நெல்லின்ர நிறையில அஞ்சில ஒரு பங்கு உமி, அது போதாமல் வெளியில வாங்கத் தொடங்கேக்கதான் உறைச்சுது. புகைபோக்கி அடியில ஒரு வெப்பமானி செருகிப் பாத்தன், 290 பாகை! ஒவ்வொரு 22 பாகைக்கும் ஒரு வீத எரிபொருள் வானத்துக்குப் போகுது எண்டு ஒரு கணக்கு இருக்கு. திறந்தால் குழாய்க்கு வெளிப்பக்கம் முட்டைக் கோது மாதிரிச் சுண்ணாம்பு, உள்ளுக்குக் கரி. ரெண்டையும் சுரண்டினதோட 220க்கு இறங்கிச்சு.

அதைவிட விசர் என்னெண்டால் நெல் அவிச்சு முடிய வாற கொதி தண்ணியை வாய்க்காலில விட்டுப்போட்டு, பொயிலருக்குப் பச்சைத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்தனாங்கள், பத்து வருசம்! ஊத்துற தண்ணி 6 பாகை கூடச் சூடா இருந்தால் ஒரு வீதம் மிச்சம். அவிச்ச தண்ணியை நேர விடேலாது, அழுக்கு. ஆனால் அதுக்குள்ளால பைப் சுருள் ஒண்டு போட்டு நல்ல தண்ணியை ஓட விட்டால் சூடு மட்டும் வரும். பழைய பைப்பில நாங்களே வளைச்சது.

போறணை (செவ்வாய், இரவு 10.30)

பாண் போறணைக்கும் சேத்துச் சொல்லுங்கோவன் ஆராவது. விறகு விலை கழுத்தைப் பிடிக்குது.

உமிக்காரன் (செவ்வாய், இரவு 10.34)

விறகு பச்சையோ காய்ஞ்சதோ? பச்சை விறகு எரிச்சால் முதல் விறகுக்குள்ள இருக்கிற தண்ணியைத்தான் அவிக்கிறியள், ஒரு கிலோ தண்ணி ஆவியாக 2257 கிலோயூல் வேணும். மூண்டு மாதம் கூரைக்குக் கீழ அடுக்கிப்போட்டு எரியுங்கோ. ரெண்டாவது, ஒருக்காச் சூடேத்தினால் விடாமல் சுடுங்கோ, ஆறவிட்டு ஆறவிட்டுச் சூடேத்தினால் செங்கல்லுக்குத்தான் விறகு.

பாலைவனத்துப் பெடியன் (புதன், காலமை 5.20)

உமிக்காரன் அண்ணை தண்ணியைப் பற்றிச் சொன்னது சீமெந்துக்கும் அப்பிடியே பொருந்தும். பழைய ஈரமுறையில கல்லையும் களியையும் தண்ணியோட கூழா அரைச்சுத்தான் சூளைக்குள்ள விடுறது, அந்தத் தண்ணியை அவிச்சுப் போக்கவே எரிபொருளில பெரிய பங்கு போகும், ஒரு தொன் கிளிங்கருக்கு, அதுதான் சீமெந்தா அரைக்க முதல் சூளையில சுட்டு வாற கட்டி, 5, 6 கிகாயூல் வேணும். இப்ப உலர்முறை, சூளையால வெளியேறுற புகையையே அஞ்சு தட்டுக் கோபுரத்தால மேல விட்டு, மேல இருந்து விழுற கல்லு மாவைச் சூடாக்கிறது, அதால 3.0, 3.4க்கு இறங்கிச்சு. அடுப்புப் பெரிசாகேல்லை, புகையில போன சூட்டை மறிச்சதுதான் விசயம். அதுக்குப் பிறகும் மிஞ்சிற சூட்டில நீராவி எடுத்துக் கரண்ட் செய்யிற ஆலைகளும் இருக்கு.

ஆனால் எங்கட இடத்தில ஒவ்வொரு நாளும் நடக்கிற சண்டை அதில்லை, கள்ளக் காத்து. கோபுரத்தில ஒரு மூடி வடிவாப் பூட்டுப்படாட்டில் வெளிக்காத்து உள்ளுக்கு இழுபடும், அந்தக் காத்தையும் சூடாக்கவேணும், அதை இழுக்க ஃபானும் கூட ஓடவேணும். ஃபான் கணக்குப் பொல்லாத கணக்கு, வேகத்தை 80 வீதமாக் குறைச்சால் கரண்ட் பாதிக்கு வந்திடும். ஒரு கயிறும் கொஞ்சச் சீமெந்துச் சாந்தும் போட்டு அடைக்கிற ஓட்டைக்காக நாங்கள் எவ்வளவு கட்டிறம் எண்டு கணக்குப் போட்டுக் காட்டினாப் பிறகுதான் மேல இருக்கிறவை திரும்பிப் பாத்தவை.

ஐஸ்கட்டி அண்ணை, உங்கட கள்ளக் காத்து எது எண்டு தேடுங்கோ. உப்புத்தண்ணித் தாங்கி மூடிகள் எப்பிடி இருக்கு? கொம்பிறசர் வெளியேத்துற பக்கத்துப் பிறெசர் எவ்வளவு?

ஐஸ்கட்டி (புதன், பின்னேரம் 5.55)

ஏறினன். ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

பைப் எது சுண்ணாம்பு எது எண்டு தெரியேல்லை. விரல் மொத்தத்தில பைப் இருக்கவேண்டிய இடத்தில கை மொத்தம், நகத்தால சுரண்டக் கல்லு மாதிரி, ஒரு ஓடு கழண்டு கையில வந்தது, உள்பக்கம் வளைஞ்சு பைப் அச்சாவே இருக்கு. மேல தண்ணி தெளிக்கிற வாய் பதினாறில ஏழு அடைச்சுப் போச்சு, அந்தப் பக்கம் பைப் காய்ஞ்சு கிடக்கு. கீழ நிண்டு கேட்டால் தண்ணிச் சத்தம் நல்லாத்தான் கேக்குது 😑

வெளியேத்துற பிறெசர் 235 பிஎஸ்ஐ. இழுக்கிற பக்கம் 20க்குக் கொஞ்சம் குறைய. எப்பவும் உப்பிடித்தான் நிக்கும், நாங்கள் அதுதான் சரியான அளவு எண்டு நினைச்சுக் கண்ணாடியில சிவப்புப் பெயின்றால கோடே போட்டு வைச்சிருக்கிறம்.

தாங்கி மூடி மரப்பலகை. எங்கட பழைய வேலையாள் ஒராள் சொன்னார், "தம்பி வெறுங்காலோட மேல நடந்து பார்" எண்டு. நடந்தன். சில பலகை சும்மா தரை மாதிரி, சிலது காலைக் கடிக்குது, இடுக்கில பனி பூத்திருக்கு. எண்ணினால் அறுபதில பதினெட்டுப் பலகை குளிர். அந்த மனுசன் இருவது வருசமா அதுக்கு மேல நடக்கிறார், ஒருத்தரும் கேக்கேல்லை அவரும் சொல்லேல்லை.

பாலைவனத்துப் பெடியன் (புதன், இரவு 7.30)

அமோனியா அட்டவணையைப் பாத்தன். 235 பிஎஸ்ஐ எண்டால் அமோனியா ஆவி 44 பாகையில திரவமாகுது. ஈரக் காத்தில நல்லா வேலை செய்யிற கொண்டென்சருக்கு யாழ்ப்பாணத்தில 36, 37 பாகை காணும், அது 190 பிஎஸ்ஐ மட்டில. ஏழு பாகை கூட. ஒரு பாகைக்கு ரெண்டு தொடக்கம் மூண்டு வீதம் கரண்ட் கூட இழுக்கும். அப்ப கொம்பிறசர் கரண்டில 17 வீதம் மட்டில அந்தச் சுண்ணாம்புக்குத்தான் கட்டிறியள். உங்கட அளவுக்கு நாளைக்கு 130, 140 யூனிட். 35 கிலோவாற் சோலருக்குச் சமன். சிவப்புக் கோட்டை அழியுங்கோ முதல்.

சூரியகாந்தி (புதன், இரவு 7.52)

என்னை ஏன் எல்லாரும் இழுக்கிறியள்? கொண்டென்சரையும் துப்புரவாக்குங்கோ சோலரையும் போடுங்கோ, ஒண்டு மற்றதுக்கு எதிரி இல்லைத்தானே.

மீற்றர்வாசி (புதன், இரவு 8.10)

எதிரி இல்லை, வரிசைதான் பிழை. 95 யூனிட் தின்னுற பக்டறிக்கு அளவெடுத்துச் சோலர் போட்டால், பிறகு 75க்கு இறங்கேக்க கூடப் போட்ட தகட்டுக்கும் வட்டி கட்டவேணும். முதல் உடம்பைக் குறைச்சுப்போட்டுச் சட்டைக்கு அளவு குடுங்கோ. அதோட சோலர் பகலில, காசைக் கொழுத்துற உச்ச நேரம் இரவில.

ஐஸ்கட்டி (புதன், இரவு 8.41)

கடையில ஆசிட் லீற்றர் கணக்கில வாங்கலாம் தானே, கழிவறை கழுவுறது. அதை ஊத்தினால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும். ஞாயிறு பக்டறி பூட்டு, செய்யட்டோ?

உமிக்காரன் (புதன், இரவு 8.44)

ஊத்தாதேங்கோ!! நில்லுங்கோ. கொண்டென்சர் பைப் நாகம் (சிங்க்) பூசினதா? பூசினதெண்டால் அந்த ஆசிட் சுண்ணாம்போட சேத்து நாகத்தையும் தின்னும், பிறகு இரும்பை. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தில இப்பிடித்தான் செய்தவை, பேர் சொல்லேல்லை, சுண்ணாம்பு போச்சு, மூண்டாம் மாதம் ஊசித் துளை விழுந்து இரவில அமோனியா வந்தது, அயல் வீட்டுச் சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினது. நல்ல காலம் காத்து கடல் பக்கம் அடிச்சது.

காங்கேசன்துறைப் பென்சன் (புதன், இரவு 9.15)

உமிக்காரன் சொல்லுறது சரி. நாகத்துக்கெண்டு அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த மென்மையான அமிலம் இருக்கு, குளிர்சாதன வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அவர் கையால செய்யுங்கோ, செய்து முடிஞ்சாப் பிறகு காரம் போட்டு நடுநிலையாக்கிக் கழுவவேணும், கழுவின தண்ணி கிணத்துப் பக்கம் போகக்கூடாது. எங்கட நிலம் அரிதட்டு மாதிரி, மேல ஊத்தினது கீழ நிக்கும்.

அதோட, கழுவினால் ஆறு மாதத்தில திரும்பப் பிடிக்கும், தண்ணி மாறேல்லையே. ஆவியாப் போறது வெறும் தண்ணி, சுண்ணாம்பு தொட்டிக்குள்ளயே தங்கும், நாள் போகப் போகத் தொட்டித் தண்ணி தடிக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திறந்து விட்டுப் புதுத்தண்ணி எடுக்கவேணும். ஏலுமெண்டால் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற மென்மையாக்கி ஒண்டு. ஒக்ரோபரில இருந்து டிசம்பர் மட்டும் கொட்டுற மழையைக் கூரையால பிடிச்சு அதுக்கு மட்டும் வைச்சால் அந்த மூண்டு மாதமும் சுண்ணாம்பே இல்லை. எங்கட அப்பு சட்டி பானையில மழைத்தண்ணி பிடிச்சு வைச்சது தேத்தண்ணிக்கு ருசியெண்டு, பக்டறிக்கும் அதே காரணம்தான்.

குளிர்க்கை (வியாழன், காலமை 9.05)

ரெஃபிறிஜறேசன் ரெக்னீசியன், வவுனியா. ஒண்டை எல்லாரும் விட்டிட்டியள். 235 முழுக்கச் சுண்ணாம்பு எண்டு சொல்லேலாது, அமோனியாக்குள்ள காத்து இருந்தாலும் பிறெசர் ஏறும். பழைய மெசின், ஒவ்வொருக்கா எண்ணெய் மாத்தேக்கயும் வால்வ் கழட்டேக்கயும் காத்து உள்ளுக்குப் போகும், வெளியில வர வழியில்லை, கொண்டென்சரில போய்க் குந்தியிருக்கும். பாக்கிற முறை லேசு: கொம்பிறசரை நிப்பாட்டிப்போட்டுத் தண்ணியை ஓட விடுங்கோ, கொண்டென்சர் தண்ணிச் சூட்டுக்கு வந்தாப் பிறகு கண்ணாடியைப் பாருங்கோ. தண்ணி 30 பாகையெண்டால் அமோனியா மட்டும் இருந்தால் 155 பிஎஸ்ஐ மட்டில நிக்கவேணும். அதுக்கு மேல நிண்டால் மிச்சம் காத்து.

வெளியேத்துறது நான் செய்யேக்க மெல்லிசுக் குழாயை ஒரு வாளித் தண்ணிக்குள்ள விடுவன். காத்து வாற மட்டும் குமிழி மேல வந்து உடையும். அமோனியா வரத் தொடங்கினால் குமிழி மேல வராது, தண்ணிக்குள்ளயே கரைஞ்சு போகும், பொரி பொரியிற மாதிரிப் படபடவெண்டு சத்தம் மட்டும் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வால்வைப் பூட்டவேணும். இதை வாசிச்சுப்போட்டு நீங்களே செய்யாதேங்கோ, முகமூடி இல்லாமல் நான் கூடச் செய்யமாட்டன்.

கரையூர்க்காரன் (வியாழன், பகல் 12.20)

எல்லாரும் கரண்டைக் கதைக்கிறியள், ஐஸ் வாங்கிறவன் நான். எங்கட போட் பின்னேரம்தான் வெளிக்கிடுறது, மூண்டு நாலு மணிக்கு ஐஸ் வேணும். போன வருசம் ஒரு பக்டறி கரண்ட் மிச்சம் பிடிக்கிறமெண்டு பாதி உறைஞ்ச பாரைத் தந்தது, நடுவில தண்ணி, பலகையில போட்டு உடைக்க ஊத்துது. மீன் பழுதாப் போனால் ஆர் பொறுப்பு? உதையும் யோசிச்சுச் செய்யுங்கோ.

ஐஸ்கட்டி (வியாழன், பின்னேரம் 6.40)

கரையூர் அண்ணை, அது நாங்கள் இல்லை எண்டு சத்தியம் பண்ணுறன் 🙏

ஆனால் உங்கட கதையில எனக்கு ஒண்டு விளங்கிச்சு. நாலு மணிக்கு உங்களுக்கு ஐஸ் இறக்கிறம், அஞ்சு அஞ்சரைக்கு அந்த வெறும் அச்சுகளுக்குள்ள 30 பாகைத் தண்ணியை நிரப்பித் தாங்கிக்குள்ள விடுறம். அதாவது உச்ச நேரம் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னுக்கு அந்த நாளில ஆகக்கூடின சூட்டை நாங்களே உள்ளுக்குப் போடுறம். ரெண்டு கொம்பிறசரும் 6.30 இல இருந்து 10.30 மட்டும் மூச்சுப் பிடிச்சு ஓடுது. 240 யூனிட் அங்கை இருந்துதான். ஏன் அந்த நேரம் நிரப்புறம் எண்டு கேட்டால் பகல் வேலைக்காரர் ஆறு மணிக்கு வீட்டை போறவை, அவ்வளவுதான் காரணம். உறையப் பதினெட்டு மணித்தியாலம் எடுக்குது, இரவு 10.30க்கு நிரப்பினால் அடுத்த நாள் பின்னேரம் நாலரைக்குத்தான் வரும். கொஞ்சம் இடிக்குது.

மீற்றர்வாசி (வியாழன், இரவு 7.15)

எல்லாத்தையும் தள்ளச் சொல்லேல்லை. பாதி அச்சை, காலமை போற மீன் வியாபாரியளுக்கு ஐஸ் குடுக்கிற பாதியை, 10.30க்குப் பிறகு நிரப்புங்கோ, அது அடுத்த நாள் பின்னேரம் உறைஞ்சாலும் அதுக்கடுத்த காலமைக்குக் காணும். உச்ச நேரத்தில ஒரு கொம்பிறசரை நிப்பாட்டுங்கோ, கலக்கிற மோட்டரை மட்டும் நிப்பாட்டவேண்டாம், நிப்பாட்டினால் ஒரு மூலை உறையும் மறு மூலை உறையாது, பிறகு கரையூர் அண்ணை பொல்லோட வருவார். இரவுக்கு ஒரு ஆளுக்கு மேலதிகச் சம்பளம் குடுத்தாலும் கட்டுப்படியாகும் எண்டு நினைக்கிறன், கணக்குப் போட்டுப் பாருங்கோ.

பாலைவனத்துப் பெடியன் (வியாழன், இரவு 8.02)

உமிக்காரன் அண்ணையின்ர சுருள் உங்களுக்கும் சரிவரும். பாரைக் கழட்ட அச்சைத் தண்ணித் தொட்டியில அமத்துவியள் தானே, அந்தத் தொட்டித் தண்ணி குளிர்ந்து போகும். அதையே அடுத்த அச்சுக்கு நிரப்பினால் என்ன?

ஐஸ்கட்டி (வியாழன், இரவு 8.20)

அச்சின்ர வெளிப்பக்கம் உப்புத்தண்ணி வழிஞ்சு அந்தத் தொட்டிக்குள்ளதான் விழும், நிரப்பினால் ஐஸ் உவர்க்கும், உறையவும் பிந்தும். ஆனால் சுருள் போட்டு நல்ல தண்ணியை அதுக்குள்ளால விடலாம், பெரிசா வராது, ரெண்டு மூண்டு பாகை இறங்கினாலும் காசுதானே.

ஐஸ்கட்டி (ஆறு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு)

இழை செத்துப்போச்சு எண்டு நினைச்சிருப்பியள். என்ன நடந்தது எண்டு சொல்லக் கடமைப்பட்டவன்.

ஆளைக் கூப்பிட்டுக் கொண்டென்சர் கழுவினது, ரெண்டு நாள் வேலை, சாக்கில அள்ளின சுண்ணாம்பை வெற்றிலைக் கடைக்குக் குடுங்கோ எண்டு பெடியள் பகிடி. அடைச்ச ஏழு வாயும் திறந்தாச்சு. குளிர்க்கை அண்ணை சொன்ன மாதிரி நிப்பாட்டிப் பாத்தம், 155 நிக்கவேண்டியது 172இல நிண்டது, காத்து இருந்தது உண்மை. முகமூடியோட அந்த ஆளே வெளியேத்தினவர், நான் தூர நிண்டு கேட்டன், சரியாப் பொரி பொரியிற சத்தம்தான். இப்ப ஓடேக்க 194 பிஎஸ்ஐ.

பதினெட்டு மூடியை மாத்தி இடுக்குக்கு ரப்பர் பட்டி அடிச்சம். தாங்கியின்ர ஒரு பக்கச் சுவரைத் திறந்து பாத்தால் உள்ளுக்குப் போட்டிருந்தது உமி, ஆர் எப்ப போட்டதோ, நனைஞ்சு கறுத்துப் புளிச்சுப் போய்க் கிடந்தது, ஈர உமி சூட்டை மறிக்காது, கடத்தும். அதை இன்னும் செய்யேல்லை, காசு வேணும். கப்பாசிற்றரில ஆறில நாலு செத்தது, மாத்தினம், கேவிஏ 71. காலமை ஐஸை மட்டும் இரவு 10.30க்குப் பிறகு நிரப்புறம், உச்ச நேர யூனிட் 240 இல இருந்து 130க்கு வந்திட்டுது. கரையூர் அண்ணை, பாருக்கு நடுவில தண்ணி இல்லை, வந்து உடைச்சுப் பாக்கலாம்.

போன நாலு கிழமைச் சராசரி தொன்னுக்கு 76 யூனிட். சுருள் போட்டது அதில எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது.

முதலாளியிட்டைக் கணக்கைக் கொண்டுபோய் வைச்சன். ரெண்டு தரம் வாசிச்சார். "உவ்வளவு காலமும் ஏன்ரா கூரைக்கு ஏறேல்லை?" எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல.

காங்கேசன்துறைப் பென்சன் (ஞாயிறு, இரவு 8.50)

தொட்டித் தண்ணியை ஒவ்வொரு நாளும் திறந்து விடுறியளோ?

ஐஸ்கட்டி (ஞாயிறு, இரவு 9.02)

ஓம் ஐயா, காலமை ஆறு மணிக்கு, நானே ஏறி.